தணல் சட்டியும் கந்தப்பளைக் கூதலும்

பேருவளையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே ரயில் பாதை ஒன்றுதான் குறுக்கே கிடக்கிறது. டிசம்பர் மாதத்து விடியற்காலையில் உம்மா சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்டக்கி நல்ல கூதல்" என்பார்கள். நாங்களும் அதுதான் கூதல் என்று நம்பிக்கொண்டிருந்தோம். 2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கந்தப்பளைக்குப் போய்த் தங்கும் வரை, கூதல் என்றால் என்னவென்று எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அப்படித் தங்கிய இரவுகளில் ஓர் இரவு, எங்கள் வீட்டில் நான்கு ஜனாஸாக்கள் விழுந்திருக்க வேண்டியது. அல்லாஹ் காப்பாற்றினான். அது எப்படி நடக்க இருந்தது, அதன் பின்பு மின்சாரம் எட்டாத அந்தச் சிறு வீட்டுக்கு எப்படிச் சூடேற்றினோம் என்பதையே இங்கு எழுதுகிறேன். பிள்ளை பெற்ற பெண்கள் இருக்கும் வீடுகளில் இதை ஒருமுறை வாசித்துக் காட்டும்படி சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

மலையேறிய மருந்துச் சாமான்

எனது தங்கையின் கணவர் மரக்கறி வியாபாரி. பல வருடங்கள் நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் லொறியில் ஓடித் திரிந்தவர், கந்தப்பளைக்கு மேலே ஒரு மலைமுகட்டில் அரை ஏக்கர் காணி வாங்கி, லீக்ஸ், கரட், கிழங்கு பயிரிடத் தொடங்கினார். காணியின் ஓரத்தில் பலகைச் சுவர், தகரக் கூரை, சீமெந்துத் தரையோடு ஒரு சிறு வீடு. 20 அடி நீளம், 12 அடி அகலம். இரண்டு அறைகள், வெளியே குசினி. பெரிய பாதையிலிருந்து மின்கம்பங்கள் நட்டு மேலே கொண்டுவரக் கேட்ட தொகை, வீடு கட்டிய செலவைவிட அதிகம். ஆகவே கூரையில் ஒரு சிறிய சூரியத் தகடு, உள்ளே ஒரு பற்றரி. இரண்டு மின்குமிழ், ஒரு வானொலி, கைத்தொலைபேசிக்குச் சார்ஜ். அவ்வளவுதான் அந்த வீட்டின் மின்சாரம்.

தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்கு வழமைபோல் எங்கள் வீட்டுக்கு அழைத்துவர இருந்தோம். ஆனால் பிள்ளை மூன்று வாரங்கள் முந்திவிட்டது. நுவரெலியாவில் பிரசவமாகி, ஆண் குழந்தையோடு மலைவீட்டுக்கே திரும்பிவிட்டாள். செய்தி வந்த மறுநாளே உம்மா மருந்துச் சாமான்களையெல்லாம் ஒரு பையில் கட்டினார்கள். அதோடு, துணி சுற்றிய ஒரு மண்சட்டியும் ஒரு பொட்டலம் சாம்பிராணியும்.

கோட்டையிலிருந்து பதுளை செல்லும் காலை ரயிலில் ஏறினோம். நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஹட்டனில் ஒரு பக்கத்து ஜன்னல்களைப் பூட்டினார்கள். தலவாக்கலையில் மறுபக்கமும் பூட்டியாயிற்று. நானுஓயாவில் இறங்கியபோது 5,000 அடி உயரத்துக்கு மேல் வந்துவிட்டிருந்தோம். உம்மாவின் சால்வை இப்போது தலைக்குப் போயிருந்தது.

நுவரெலியா நகரைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது பூந்தோட்டங்களையும் கிரகரி வாவியையும்தான். நான் அன்று கவனித்தது கூரைகளை. பழைய பங்களாக்களின் கூரைகளிலெல்லாம் செங்கல்லால் கட்டிய புகைபோக்கிகள். 1840களில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் காய்ச்சலோடு இங்கு வந்து, உடல் தேறி, பிறகு இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் விதைகளையும் கொண்டுவந்து குடியேறினார். அவருக்குப் பின் வந்தவர்களும் தங்கள் நாட்டு வீட்டை அப்படியே இங்கு கட்டினார்கள். எங்கள் கடலோர வீடுகளில் காற்று வருவதற்கு வழி வைப்பது போல, அவர்கள் நெருப்பு இருப்பதற்கு ஓர் இடமும் புகை போவதற்கு ஒரு வழியும் வைத்தார்கள். நாடு முழுவதும் வியர்த்துக்கொண்டிருக்கும்போது ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை மட்டுமே உள்ள ஊர் அது.

நகரிலிருந்து இராகலைப் பாதையில் போனால் கந்தப்பளை. முன்னொரு காலத்தில் இந்தப் பாதையில் சிறிய ரயில் ஒன்றும் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஓடியது. 1940களில் அது நின்றுபோயிற்று. நாங்கள் பஸ்ஸில் போனோம். இரு பக்கமும் தேயிலை. தேயிலை முடிந்த இடங்களில் படிப்படியாக மரக்கறிப் பாத்திகள். கந்தப்பளை 6,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. தங்கையின் வீடு அதற்கும் மேலே.

தணல் சட்டி

மச்சான் கிழங்குப் பயிருக்காக ஒரு சிறு வெப்பமானியை வெளிச் சுவரில் தொங்கவிட்டிருந்தார். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் அங்கே உறைபனி விழுந்து, கிழங்குச் செடியும் தேயிலைக் கொழுந்தும் கருகிப்போவதுண்டு. நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இஷாவுக்குப் பின் அந்த வெப்பமானி 5 பாகை காட்டியது. வீட்டுக்குள்ளே அதைவிட இரண்டு மூன்று பாகைதான் கூடுதலாக இருந்திருக்கும். தகரக் கூரைக்குக் கீழே தட்டு இல்லை. பலகைகளின் இடுக்குகளால் காற்று ஊசி போல வந்தது.

பத்து நாள் குழந்தையின் கைகள் நீலம் பாரித்ததுபோல் இருந்தன. மூத்த மகள் இரண்டு கம்பளிக்குள்ளும் நடுங்கினாள்.

உம்மா மண்சட்டியை வெளியே எடுத்தார்கள். இதை வாசிக்கும் எங்கள் பெண்களுக்குத் தணல் சட்டியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளை பெற்றவளின் தலைமுடி காயவும், உடம்புக்குச் சூடு பிடிக்கவும், பிள்ளைக்குப் புகை காட்டவும் தணலும் சாம்பிராணியும் எங்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். குசினியில் எரிந்த விறகுத் தணலோடு மச்சான் வைத்திருந்த சிரட்டைக் கரியையும் போட்டு, விசிறி ஊதிச் சிவக்கச் செய்தது நான்தான். சட்டியைத் தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்ததும் நான்தான். அது மட்டுமல்ல. சூடு வெளியே போகக் கூடாதென்று உரச்சாக்குகளைக் கிழித்து, ஜன்னல் இடுக்குகளிலும் கதவின் கீழும் நெருக்கி அடைத்ததும் நானேதான். அந்த அறையில் தங்கை, குழந்தை, மூத்தவள், உம்மா. அடுத்த அறையில் மச்சானும் நானும்.

புகை இல்லை. சாம்பிராணி மணம் மட்டும். கரி சாம்பல் பூத்து மெல்ல மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. உம்மா, "இப்பதான் வீடு மாதிரி ஈக்குது" என்றார்கள். நானும் ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு படுத்தேன்.

தஹஜ்ஜுத் நேரத்துக்கு விழிப்பு வந்தது. தலையை இரும்புப் பட்டையால் இறுக்கியது போன்ற வலி. கூதலின் வேலை என்று நினைத்து வுழூச் செய்ய எழுந்தேன். முழங்கால்கள் மடங்கின. அப்போதுதான் அடுத்த அறையில் தங்கை ஓங்காளிக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினேன், சாக்கு இறுகியிருந்ததால் இரண்டாவது தரம் தோளால் இடித்தேன்.

"நானா, தல சுத்துது. புள்ள பால் குடிக்கல்ல. எழுப்பினா எழும்புறானுமில்ல" என்றாள். உம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் என்னை யாரென்று அடையாளம் தெரியாதவர்போல் பார்த்தார்கள். மூத்தவள் அசையாமல் கிடந்தாள்.

எதனால் என்று அந்த நிமிடம் எனக்கு விளங்கவில்லை. மச்சான்தான் வெளிக்கதவைத் திறந்து, சட்டியைத் தூக்கி முற்றத்தில் வீசினார். ஒவ்வொருவராக வெளியே இழுத்து, கம்பளியால் சுற்றி, பனி விழுந்த புல்லில் உட்கார வைத்தோம். மூத்தவள் சற்று நேரத்தில் வாந்தியெடுத்து அழுதாள். அந்த அழுகையைப் போல் இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. குழந்தை மட்டும் துவண்டே இருந்தான். மரக்கறி ஏற்ற வந்த லொறியின் முன்னாசனத்தில் எல்லோரையும் நெருக்கி ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் குழந்தையைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "அறைக்குள்ளே கரி எரித்தீர்களா?" உடனே ஒட்சிசன் கொடுத்தார்கள். மறுநாள் அஸர் நேரம் என் மருமகன் வாய் திறந்து பாலுக்கு அழுதான். அல்ஹம்துலில்லாஹ்.

கண்ணுக்குத் தெரியாதது

கரியோ விறகோ போதிய காற்றில்லாமல் எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் கரிக்காது. எமது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின், ஒட்சிசனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டே ஒருவர் ஒட்சிசன் இல்லாமல் போகிறார். முதலில் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், பிறகு குழப்பம், பிறகு உறக்கத்திலிருந்து திரும்பாமை. கருவிலுள்ள சிசுவுக்கும் சிறு குழந்தைக்கும் ஆபத்து இன்னும் அதிகம். புகையும் விறகாவது இருமலைத் தந்து எழுப்பிவிடும். நன்றாகச் சிவந்த கரி எழுப்பாது. அதனால்தான் அது பயங்கரமானது.

உம்மா பல நாட்கள் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. "அஞ்சு புள்ள பெத்தேன். அஞ்சுக்கும் தணல் சட்டி வெச்சாங்க. ஒன்டும் நடக்கல்லியே" என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மையே. பேருவளை வீட்டில் ஓட்டுக் கூரை. ஓடுகளுக்கிடையே வானம் தெரியும். சுவரின் மேலே காற்றுப் பொந்துகள். கதவு பகலெல்லாம் திறந்தபடி. அந்த வீட்டில் வாயு தங்க இடமில்லை. அதே சட்டியை நாங்கள் மலைக்குக் கொண்டுபோனோம். அந்த வீட்டின் காற்றை மட்டும் கொண்டுபோகவில்லை. இருந்த இடுக்கையும் நான் சாக்கால் அடைத்தேன்.

எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி வந்தபோதும், நெருப்பு உங்களுக்கு எதிரி, உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் கூறினார்கள். இந்த ஹதீஸை வருடந்தோறும் வகுப்பில் நான் கற்பிக்கிறேன். விளக்குக்கும் அடுப்புக்கும் உரியதென்று விளக்கமும் சொல்வேன். சாம்பல் பூத்த தணலை நெருப்பென்று அன்றிரவு நான் எண்ணவில்லை.

எதைத் தெரிவது?

குழந்தையையும் தாயையும் பேருவளைக்கு அழைத்துவந்தோம். ஆனால் மச்சானின் காணியும் தொழிலும் மலையில். பெருநாள் முடிந்ததும் அவள் திரும்பிப் போக வேண்டும். அடுத்த ஜனவரிக்குள் அந்த வீட்டுக்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்தாக வேண்டும். நானும் மச்சானும் விசாரிக்கத் தொடங்கினோம். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள்.

மின்சார ஹீட்டர் என்றார் ஒரு கடைக்காரர். சிறியதே 1,000 வாட். மச்சானின் பற்றரி 12 வோல்ட், 100 அம்பியர் மணி. முழுவதையும் உறிஞ்சினாலும் 1.2 அலகு, பற்றரி கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஹீட்டர் 36 நிமிடம் எரியும். பிறகு வெளிச்சமும் இல்லை, வானொலியும் இல்லை. வெளிச்சத்துக்குப் போதுமான சூரியத் தகடு சூட்டுக்குப் போதாது என்பதை அன்று விளங்கிக்கொண்டோம்.

அடுத்தது கேஸ் ஹீட்டர். மச்சானுக்கு இதில்தான் விருப்பம். வாங்கினோம், வைத்தோம் என்று காரியம் முடியும். ஒரு மணித்தியாலத்துக்கு 200 கிராம் எரித்தால் அந்த வீட்டுக்குப் போதும். மாலையில் நான்கு மணித்தியாலம் என்றால் 12.5 கிலோ சிலிண்டர் பதினைந்து நாள் வரும். ஆனால் புகைக் குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் தான் எரித்ததையெல்லாம் அறைக்குள்ளேயே விடுகிறது. அதில் நீராவியும் உண்டு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். குளிர்ந்த தகரத்தில் அது பட்டு, இரவெல்லாம் படுக்கையில் சொட்டும். பலகையில் பூஞ்சணம் பிடிக்கும். காற்று குறைந்தால் காபனோரொட்சைட்டும் வரும். மண்ணெண்ணெய் ஹீட்டருக்கும் இதே குறைதான், கூடவே வாசமும்.

மூன்றாவது, பங்களாவில் இருப்பது போன்ற செங்கல் கணப்பு. அதைப் பார்க்கவென்றே ஒரு தோட்டத்துப் பழைய பங்களாவுக்குப் போனோம். காவலாளி எங்களுக்காக விறகு மூட்டிக் காட்டினார். பார்ப்பதற்கு அழகு. முன்னால் நின்றால் முகம் சுட்டது, முதுகு குளிர்ந்தது. கதவின் கீழால் பனிக்காற்று உள்ளே இழுபட்டு வந்ததைக் காலில் உணர்ந்தேன். திறந்த கணப்பு, அறையில் இருக்கும் காற்றையே இழுத்துப் புகைபோக்கியால் வெளியே தள்ளுகிறது. விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்குதான் அறைக்குக் கிடைக்கும். தோட்டமும் விறகும் ஆட்களும் இருந்த துரைமாருக்கு அது சரி.

புகைக்கு ஒரு வழி

எங்களுக்குச் சரியான பாடத்தைச் சொன்னவர் தங்கையின் வீட்டுக்குக் கீழே உள்ள லயத்தில் வசிக்கும் ஒரு பெரியவர். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடங்களுக்கு மேல் சூளைக்கு விறகு போட்டவர். அன்றிரவு நடந்ததைக் கேள்விப்பட்டு, பிள்ளையைப் பார்க்க ஒரு கட்டு மிலாறோடு வந்திருந்தார்.

"மௌலவி ஐயா, ஃபெக்டரியில நாங்க தேயிலைய நெருப்புல காட்டுறதில்ல" என்றார். "தூளுல புகை வாசம் பட்டா கொழும்பு ஏலத்துல யாரு வாங்குவா? நெருப்பு இரும்புக்குள்ள எரியும். புகைக்கு ஒரு வழி, சூட்டுக்கு ஒரு வழி. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரவே கூடாது. தேத்தூளுக்கே அவ்வளவு பாக்குறோம். பச்சப் புள்ளைக்குப் பாக்க வேணாமா?"

எனக்கு உறைத்தது. என்னோடு அரபுக் கல்லூரியில் ஓதிய நண்பர் ஒருவர் மேற்படிப்புக்கு வட இந்தியா போனவர். காஷ்மீரில் வீட்டின் நடுவே ஒரு இரும்பு அடுப்பு இருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் கூரைக்கு வெளியே போகும், அதற்குப் புகாரி என்று பெயர் என அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பெயரைக் கேட்டு அன்று நாங்கள் சிரித்தோம். பெரியவர் சொன்ன சூளையும் அந்தப் புகாரியும் ஒரே விதிதான்.

மூடிய இரும்பு அடுப்பில், கதவின் சிறு துவாரத்தால் அளவாகக் காற்று போகிறது. விறகு மெதுவாக எரிகிறது. இரும்பு சூடேறி அறையைச் சூடாக்குகிறது. எரிந்த வாயு குழாய் வழியே வெளியே போகிறது. நன்கு செய்த அடுப்பில் விறகின் சூட்டில் ஆறு ஏழு பங்கு அறைக்குள் தங்கும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 அலகு சூடு உண்டு. ஆகவே ஒரு மாலைக்கு 5 கிலோ விறகு போதும்.

செலவுதான் கேஸ் ஹீட்டரைவிடப் பல மடங்கு. மச்சான் தயங்கினார். பேச்சு நீண்டுகொண்டே போக, திரைக்குப் பின்னால் இருந்து தங்கை சொன்னாள்: "நானா, எனக்குப் புள்ளய பக்கத்துல வெச்சிட்டு நம்பிப் படுக்க ஏலுமான அடுப்பு வேணும். வேற ஒன்டும் வேணாம்." மறுநாள் ஒரு சோடி வளையலைக் கழற்றி உம்மாவின் கையில் கொடுத்தாள். அதற்குப் பின் பேச்சில்லை.

வீடு தயாரானது

அடுப்பு வருவதற்கு முன் வீட்டைத் திருத்தச் சொன்னவரும் அந்தப் பெரியவரே. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்ப முடியாது. தகரத்துக்குக் கீழே பலகையால் தட்டு அடித்தோம். சூடு மேலே ஏறும் இயல்புடையது. ஆகவே முதல் காசு மேலே போகவேண்டும். சுவரின் இடுக்குகளுக்குப் பட்டிகள் அடித்தோம். ஆனால் இம்முறை எல்லாவற்றையும் அடைக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் தரைமட்டத்தில் நான்கு அங்குலக் குழாய் ஒன்றை வெளியே விட்டு, அடுப்புக்கு வேண்டிய காற்று அதனால் வர வழி செய்தோம்.

நகரில் ஒரு பட்டறையில் தடித்த தகட்டால் அடுப்பைச் செய்வித்தோம். உள்ளே சூளைக்கல் பதித்தது. அது நிற்க செங்கல் மேடை. பலகைச் சுவருக்கும் அடுப்புக்கும் ஒன்றரை அடி இடைவெளி. அதற்குள் சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளி ஒரு செங்கல் தடுப்பு. தட்டுப் பலகையைக் குழாய் துளைக்கும் இடத்தில், சுற்றிலும் ஒன்றரை அடி பலகையே இல்லாமல் வெட்டி, அவ்விடத்தைத் தகரத்தால் மூடினோம். கூரைக்கு மேலே குழாய் மூன்று அடி உயர வேண்டும். பத்து அடி சுற்றளவில் உள்ள எதையும்விட இரண்டு அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று புரண்டு புகையைத் திருப்பி அனுப்பும்.

விறகுக்கு யூகலிப்டஸும், கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறும். புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அதை எரித்தால் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். குழாயில் தார் போல் படிந்து ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். ஆகவே பிளந்து, மழை படாத கொட்டிலில் அடுக்கி, எட்டு மாதமாவது காய விட வேண்டும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் மணி போல் ஒலித்தால் காய்ந்தது. தொம்மென்று ஒலித்தால் இன்னும் பச்சை. குளிர் மாதங்களில் மாதம் ஒருமுறை குழாயைத் துப்புரவு செய்ய வேண்டும். சாம்பலை மூடியுள்ள தகரப் பேணியில் போட்டு வீட்டுக்கு வெளியேதான் வைக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வாங்கி, படுக்கை அறைச் சுவரில் மாட்டினோம். சிறிய பற்றரியில் வேலை செய்வது. வாயு கூடினால் கத்தும். இதுவரை, சோதிக்கும் பொத்தானை அழுத்தும்போது தவிர, அது கத்தியதில்லை.

இரண்டாம் பயணம்

2020 ஜனவரியில் உம்மாவோடு மீண்டும் போனேன். வெளியே வெப்பமானி 6 பாகை. உள்ளே மூத்தவள் சட்டையோடு ஓடித் திரிந்தாள். அடுப்பைச் சுற்றி மச்சான் கம்பிவேலி போட்டிருந்தார். நடக்கப் பழகும் என் மருமகன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலிக்கு அப்பால் கயிற்றில் துணிகள் காய்ந்தன. அடுப்பின் மேல் கேத்தலில் வுழூவுக்குச் சுடுநீர்.

நெருப்பை இரவெல்லாம் வைத்திருப்பதில்லை. அஸருக்குப் பின் மூட்டி, இஷா வரை எரித்து, பிறகு விறகு போடுவதை நிறுத்துவார்கள். மேடையிலும் தடுப்பிலுமாக நூறு செங்கல் இருக்கும். அவை குடித்த சூட்டை நடுநிசி வரை மெல்லக் கக்கிக்கொண்டிருக்கும். அதன் பிறகு கம்பளிக்குள் சுடுநீர்ப் பை. தணல் முற்றாக அணையும் வரை குழாயை மூடக் கூடாது. மூடினால் தணல் சட்டிக்கும் அந்த அடுப்புக்கும் வித்தியாசமில்லை. ஆகவே முழுதாக மூடும் தகடே வைக்கவில்லை.

2022ஆம் ஆண்டு கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடெங்கும் மக்கள் வரிசையில் காத்துநின்றபோது, மச்சான் தொலைபேசியில் சொன்னார்: "மச்சான், தங்கச்சிட வளையல்தான் இன்டக்கும் சோறாக்குது." அந்த மாதங்களில் சோறும் தேத்தண்ணியும் அந்த அடுப்பின் மேலேயே ஆயின.

சாம்பிராணியை உம்மா விடவில்லை. விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. மத்தியான வெயிலில் வெளி விறாந்தையில் பிள்ளைக்குப் புகை காட்டிவிட்டு, தணலில் தண்ணீர் ஊற்றி, சட்டியை முற்றத்திலேயே கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கீழே லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமானபோது, நான் சொல்லாமலே உம்மா அங்கே போய், தணலை அறைக்குள் வைக்க வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஏப்ரல் விடுமுறையில் குடும்பத்தோடு நுவரெலியா செல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இறைச்சி சுட்ட கரி அடுப்பை, சூட்டுக்காக அறைக்குள்ளோ வேனுக்குள்ளோ எடுத்துச் செல்லாதீர்கள். ஒரே அறையில் உள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிராமல், முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உம்மாவுக்கு அந்த இரவிலிருந்து ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பேருவளையில் இருந்தாலும் மலையில் இருந்தாலும், படுக்கப் போகுமுன் குசினிப் பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்பார்கள்:

"நெருப்பு அணஞ்சிட்டா மகன்?"

நானும் எழுந்துபோய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தே பதில் சொல்வேன்.